இரண்டு கோரை



"கோரைதானே, வாரிப் போடு"ன்னு சட்டுனு சொல்லிடறோம். ஆனால் கோரையில் களையும் உண்டு, பிழைப்பும் உண்டு. ரெண்டும் ஒரே குடும்பம். தண்டை விரலில் உருட்டிப் பாருங்க. மூணு பட்டையா இருக்கும், கணு இருக்காது.

வயலில் வரும் கோரை பெரும்பாலும் முழங்கால் உயரம்தான். அடியிலேயே இலை விரிஞ்சிருக்கும். மேலாகப் பிடுங்கினால் மண்ணுக்குள் சரமாக இருக்கும் கிழங்கு மறுபடி முளைக்கும். கிழங்கோடு தோண்டணும். வாசனையான அந்தக் கிழங்கு நாட்டு மருந்துக்கும் ஆகும்.

பாய்க்கோரை ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரத்தில் இடுப்புக்கு மேல் வளரும். இலை பேருக்குத்தான்; தண்டுதான் சரக்கு. அதைக் கீறி, ஊறவைத்து நெய்வதுதான் பத்தமடைப் பாய். அரிவாளால் அறுத்தால் திரும்பத் தழையும். மண்வெட்டியால் வேரோடு வாரினால் போச்சு.

அதனால், வாய்க்கால் சுத்தம் செய்யப் போகும்போது பாய் நெய்யும் அக்கா ஒருத்தரை முதலில் கூட்டிட்டுப் போங்க. எது எதுன்னு அவர் காட்டட்டும். கரையில் இருப்பதை அழிச்சிட்டால், நெய்யறவங்க விலை கொடுத்துத்தான் கோரை வாங்கணும். அந்தக் காசு நம்ம குழுக் கடனில்தான் ஏறும்.