பெற்றோர் பெயர் சொன்ன பாடகி

புகழ் வந்தவுடன் தம் பெயரையே முன்னிறுத்துவது உலக வழக்கு. மாதங்கி அருள்பிரகாசம் சென்ற வழி வேறு.

1975இல் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்த அவர், போரின் கொடுமையால் 1986இல் தாயாருடன் இலண்டனுக்கே அகதியாக மீண்டார். ஹிப்ஹொப், ஜமெய்க்காத் தாளம், மின்னிசை ஆகியவற்றை ஒன்றாகக் குழைத்துப் பாடிய அவரை, 'எம்.ஐ.ஏ.' என்று உலகம் அறிந்தது.

2005இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையாரின் இயக்கப் பெயராகிய 'அருளர்' என்பதைச் சூட்டினார். அத்தந்தையோ அவர்தம் இளமையிற் பெரும்பாலும் அருகிருந்தாரல்லர். வறுமையிற் பிள்ளைகளைக் காத்த தாயாரின் பெயரை, 'கலா' என்று 2007இல் அடுத்த தொகுப்புக்கு இட்டார். அதில் தமிழ்நாட்டு உறுமியும் முழங்கிற்று. தம் பெயராகிய 'மாயா' 2010இல், மூன்றாவதாகவே வந்தது.

தமிழ்க் குடும்பமொன்றில் வழங்கிய பெயர்களை உலகமே உச்சரிக்கலாயிற்று. அவர் பெற்ற புகழின் பயன் அதுவே எனலாம்.