ஆற்றுக்குள் ஒரு சாலை

(முன்னாள் மாணவர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



"போன ஊரைப் பத்தி ஏதாவது பேசுப்பா, பதினஞ்சு நிமிஷம் போதும்" என்றார் செயலாளர். அதனால் மெக்சிகோவில் உள்ள குவானஹுவாதோ என்ற மலை நகரத்தைப் பற்றிப் பேசுகிறேன். அங்கே நான் இருந்தது ஒன்றரை நாள்தான். கீழே சமவெளியில் சிலாவோ, லியோன் பக்கமெல்லாம் கார் தொழிற்சாலைகள். அங்கே வேலையாகப் போனவன், சனி ஞாயிறு பார்த்து மலைக்கு பஸ் ஏறிவிட்டேன். ஒன்றரை நாளில் ஒரு ஊரை எடைபோட முடியாதுதான். ஆனால் சிவில் படித்தவனுக்கு அந்த ஊர் ஒரு முழு செமஸ்டர் பாடத்தை நடத்தி அனுப்புகிறது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2000 மீட்டர் உயரம். ஒரு குறுகலான பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வீடுகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறுகின்றன. பெயருக்குப் பழங்குடி மொழியில் தவளைகளின் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். ஊர் அமைக்க ஏற்ற இடமே இல்லை. சமதளம் கிடையாது, நேரான தெரு கிடையாது. காதலர் சந்து என்று டூரிஸ்ட்கள் வரிசையில் நிற்கிற ஒரு சந்தின் அகலம் 68 சென்டிமீட்டர். பிறகு ஏன் இங்கே ஊர்? வெள்ளி. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பானியர்கள் இந்த மலைகளில் வெள்ளித் தாதைக் கண்டார்கள். தாதைப் பொடிக்கவும் கழுவவும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இருந்தது பள்ளத்தாக்கின் அடியில் ஓடிய ஆற்றில். ஆக, ஆலைகள் ஆற்றங்கரையில் வந்தன. ஆலையைச் சுற்றி வீடுகள், வீட்டைச் சுற்றிக் கோயில்கள். ஆற்றின் மேல் பாலம் போட்டார்கள், பாலத்தின் மேலும் வீடு கட்டினார்கள். போகப் போக ஆறு ஊருக்கு அடியில் போய்விட்டது.

இப்போது அந்த ஆற்றுப்பாதையில் பஸ் ஓடுகிறது! நான் ஏறிய டவுன் பஸ் திடீரென்று ஒரு கல் வளைவுக்குள் நுழைந்து தரைக்குக் கீழே போய்விட்டது. மேலே பார்த்தால் பழைய பாலங்களின் அடிப்பக்கம், வளைவு வளைவாக. அங்கங்கே திறந்த வானம், அதில் யாரோ ஒருவர் வீட்டு பால்கனி, பூந்தொட்டி, காயப்போட்ட துணி. பக்கச் சுவர்களில் ஆற்றுக்கரையின் பழைய கல்கட்டு அப்படியே இருக்கிறது. தரைக்கடியிலேயே பஸ் ஸ்டாப். இறங்கிப் படியேறினால் சந்தை இரைச்சல். டீசல் புகை தொண்டையைக் கமறுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நீரை வேறு வழிகளுக்குத் திருப்பிவிட்டு, காலியான படுகையைக் கல் பாவி, 1960களில் இதைச் சாலையாக மாற்றினார்கள். இது தவிர, மலையைக் குடைந்த சுரங்கச் சாலைகள் பல. தாது எடுக்கத் தலைமுறை தலைமுறையாகப் பாறை குடைந்த ஊர். போக்குவரத்துக்கு வழியில்லை என்றதும் அதே வேலையைச் சாலைக்கும் செய்துகொண்டது.

வழிகாட்டிப் புத்தகங்கள் இதோடு "ஆகா" என்று முடித்துவிடுகின்றன. எனக்கு அங்கேதான் கேள்வி ஆரம்பித்தது. ஆற்றை ஏன் திருப்பினார்கள்?

வெள்ளம்தான் காரணம். சுரங்கத்துக்கும் உலைக்கும் மலையில் இருந்த மரங்களையெல்லாம் வெட்டினார்கள். மொட்டை மலையில் பெய்த மழை தங்காமல் இறங்கியது. ஆலைகளில் பொடித்துக் கழுவிய தாதுக் கழிவு ஆற்றில் சேர்ந்து படுகை மேடாகிக்கொண்டே வந்தது. மேல் பக்கம் ஓட்டம் அதிகம், கீழ் பக்கம் கொள்ளளவு குறைவு. இரண்டாம் ஆண்டு ஹைட்ராலிக்ஸ் மாணவனுக்கே விடை தெரியும். 18ஆம் நூற்றாண்டில் வெள்ளம் வந்தபோது அவர்கள் செய்தது என்ன தெரியுமா? ஊரின் தரைமட்டத்தை உயர்த்தினார்கள். நடு ஊரில் சான் தியாகோ மடத்தின் பழைய கட்டடம் இப்படித்தான் மண்ணுக்குள் போனது. இன்று அது ஒரு நிலத்தடி அருங்காட்சியகம். படியிறங்கிப் போனால் பழைய தூண்களும் சுவர்களும் நிற்கின்றன. தலைக்கு மேல் தெரு.

அந்த மடம் இருந்த இடத்துக்கு மேலேயே ஹுவாரெஸ் நாடக அரங்கம். 1903ல் அதிபர் போர்பிரியோ தியாஸ் வந்து திறந்தார். உள்ளே சிவப்பு வெல்வெட்டும் தங்க வேலைப்பாடுமாகப் பிரமாதம். திறந்து இரண்டே வருஷம், 1905 ஜூலையில் பெருவெள்ளம் வந்து பலரை அடித்துச் சென்றது. பட்ஜெட்டில் எது முதலில் வருகிறது என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு இன்ஜினியர் வருகிறார். போன்சியானோ அகிலார். அந்த ஊர்ச் சுரங்கத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்தவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடிநீருக்காக எஸ்பெரான்ஸா அணையை வடிவமைத்தவர். வெள்ளநீரை மலையைக் குடைந்து வெளியேற்றும் வேலையிலும் அவர் பங்கு பெரிது. வெள்ளி, செலினியம், கந்தகம் மூன்றும் சேர்ந்த ஒரு கனிமத்தை அவர் கண்டெடுத்தார். 1891ல் அதற்கு அகிலாரைட் என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஊரில் ஒரு சுரங்கச் சாலைக்கும் அவர் பெயர். நம்ம ஆட்கள் பெயரில் சாலை இருப்பதே அபூர்வம். இங்கே ஒருவருக்கு டன்னலும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வலென்சியானா சுரங்கம் இருக்கும் மேட்டுக்குப் போனேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிகப் பெரிய வெள்ளிச் சுரங்கங்களில் ஒன்று. முதலாளி ஒப்ரெகோனுக்குப் பிரபுப் பட்டமே கிடைத்தது. பக்கத்தில் 1788ல் முடிந்த சான் கயெதானோ கோயில். உள்ளே மூன்று பீடங்களும் தங்கமாக ஜொலிக்கின்றன. 1803ல் ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் இந்தச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்து எழுதியிருக்கிறார். தாது சுமப்பவர்களுக்குத் தெனாத்தேரோ என்று பெயர். நூறு கிலோவுக்கு மேல் முதுகில் கட்டிக்கொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஒரே ஷிஃப்டில் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறார்கள். கூலி வேலைதான், அடிமை வேலை இல்லை என்பதையும் அவர் குறிப்பிடுகிறார். சுரங்கத்தில் இன்று பார்வையாளரை விடுவது கொஞ்ச ஆழத்துக்குத்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெறும் கையோடு ஏறி வந்தேன். மேலே வந்ததும் பேச்சே வரவில்லை.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. மெக்சிகோ வெள்ளி ஸ்பானிய டாலர் நாணயங்களாக உலகெல்லாம் போனது. நம் சென்னைக்கும் வந்தது. 1800களின் தொடக்கத்தில் கம்பெனியின் சென்னை நாணயச்சாலை அந்த டாலர்களின் மேலேயே புது முத்திரை அடித்து, கோயில் கோபுரம் போட்ட அரை வராகன் வெளியிட்டது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. சில காசுகளில் கோபுரத்துக்கு அடியில் பழைய ஸ்பானிய முத்திரையின் தடம் தெரியும். எந்தக் காசில் எந்த மலையின் வெள்ளி என்று யாராலும் பிரிக்க முடியாது.

திரும்பி வரும்போது ஆலோந்திகா தெ கிரனாதித்தாஸ். 1809ல் முடிந்த தானியக் கிடங்கு. கோட்டை மாதிரிச் சுவர். 1785, 86ல் பஞ்சம் வந்த பகுதி என்பதால் இவ்வளவு பெரிய கிடங்கு. அடுத்த வருஷமே, 1810 செப்டம்பர் 28 அன்று, பாதிரியார் இடால்கோவின் புரட்சிப் படை ஊருக்குள் வந்தது. கிடங்கைக் கட்ட முனைந்த அதே அதிகாரி ரியாஞோ, ஸ்பானியர்களையும் அவர்கள் செல்வத்தையும் உள்ளே சேர்த்துக் கதவைச் சாத்தினார். அன்றைக்கு அவரே முதலில் இறந்தவர்களில் ஒருவர். பீப்பிலா என்ற சுரங்கத் தொழிலாளி ஒரு தட்டைக் கல்லை முதுகில் கட்டிக்கொண்டு, குண்டு மழையில் ஊர்ந்து போய்க் கதவுக்குத் தீ வைத்தான் என்பது ஊர் சொல்லும் கதை. வரலாற்றாசிரியர்களில் சிலர் இதை நம்புவதில்லை. நான் நம்பத் தயார். தெனாத்தேரோ முதுகுக்கு ஒரு கல் பெரிசா? உள்ளே இருந்தவர்களைக் கொன்று குவித்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. மறுவருஷம் இடால்கோ உட்பட நான்கு தலைவர்களின் தலைகள் கிடங்கின் நான்கு மூலைகளில் இரும்புக் கூண்டில் தொங்கின, 1821 வரை. மூலைகளில் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. எதிரே ஸ்கூல் பிள்ளைகள் ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

மம்மி மியூசியத்துக்கு நான் போகவில்லை. 1865ல் தொடங்கி, கல்லறை வரி கட்ட முடியாத குடும்பங்களின் உடல்களைத் தோண்டியெடுத்தார்கள். காய்ந்து கெடாமல் இருந்தவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். வரி கட்டாத ஏழையை டிக்கெட் வாங்கிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நண்பர்கள் போய்வந்து நன்றாக இருந்தது என்றார்கள். அது அவரவர் விருப்பம்.

கடைசியாக ஓயா அணை. 1740களில் கட்டியது, இன்றும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு ஜூலை முதல் திங்கட்கிழமையும் பேண்டு வாத்தியத்தோடு மதகைத் திறந்து, அடியில் சேர்ந்ததை அடித்துக்கொண்டு தண்ணீர் ஓடுவதை ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்குமாம். நான் போனது மார்ச் மாதம். மதகு மூடியிருந்தது. தண்ணீர் பாதிக்கும் கீழே. ஒரு பெரியவர் படகு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் ஏறவில்லை.

கேள்வி இருந்தால் டீ இடைவேளையில் கேளுங்க, போட்டோ எல்லாம் இருக்கு.