தொழிலை மாற்றச் சொல்வோருக்கு

தாய்மாரே, பெரியோரே, வாசலில் நிற்கும் தம்பிமாரே, உள்ளே வந்து உட்காருங்கள். இது உங்களைப் பற்றிய பேச்சு. தொழில் மாற்றம் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இலங்கையில் இன்று எந்த மண்டபத்துக்குப் போனாலும் இதே பேச்சுத்தான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. அந்த செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அந்த ஒரே வருசத்தில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்துகொண்டு விமானம் ஏறினார்கள். தாதியும் ஆசிரியரும் கணக்காளரும் தொழிலை மாற்றிக்கொண்ட காலம் அது. இதைத் துணிச்சல் என்று பாராட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கண்டி நகரத்தைக் கூட்டுகிறவர்கள் வாழும் மஹய்யாவையிலும் நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒருவர் தொழில் மாற வேண்டுமானால், அதே வீட்டில் இன்னொருவர் மாறாமல் நின்றாக வேண்டும். அப்படி நிற்பவள் பெரும்பாலும் ஒரு தாய். அவளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அவள்தான் வந்து திறப்பாள்.

ஏன் நிற்கிறாள்? வீடு தொழிலோடு கட்டப்பட்டிருக்கிறது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் கண்டிக்கு மாநகர சபை வந்தது. தெருவைக் கூட்டவும் மலம் அள்ளவும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்தவர்களுக்கு, வேலையின் பேரில்தான் இருக்க இடம் கிடைத்தது. தோட்டத்து லயமும் அப்படியே. பேர் பதிந்து வேலை செய்தால் காம்பரா, அதாவது லயத்தில் ஓர் அறை. வேலை நின்றால் காம்பராவும் கேள்விக்குறி. ஆகவே மகன் கொழும்புக் கடைக்குப் போகிறான், மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள், தாய் மட்டும் விடியற்காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் நிற்கிறாள். முழுநாளுக்கு முழுப்பேரோ அரைநாளுக்கு அரைப்பேரோ, அவள் பேர் விழுந்தால்தான் அந்தக் கூரை அவர்களுக்கு. மகன் அனுப்பும் பணத்தை ஊரார் பேசுகிறார்கள். அந்தப் பணம் வந்து சேர ஒரு வீடு நிற்கிறதே, அதைத் தாங்குபவளைப் பற்றி எந்த மேடையில் யார் பேசினார்கள்?

சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்தது. இருபது வருசத்துக்குள் கோப்பி அழிந்தது. தோட்டத் துரைமார் என்ன செய்தார்கள்? சிங்கோனா வைத்துப் பார்த்தார்கள், பிறகு தேயிலைக்கு மாறினார்கள். 1867இலேயே இதே கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். இந்த நாடு கண்ட மிகப் பெரிய தொழில் மாற்றம் அது. அப்படி மாறியவர்களை ஒருவரும் நன்றி கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. தொழிலாளிக்கோ அன்று ‘துண்டு’ என்று ஒரு முறை இருந்தது. ஆள் கூட்டிவந்த கங்காணியின் பேரிலும் ஆட்களின் பேரிலும் கடன் இவ்வளவு, கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய காகிதம். அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர முடியாது. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்தது. கடனும் ஆளோடு நடந்து போனது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். நூறு வருசம் தாண்டிவிட்டது. அன்று அந்தத் துண்டு செய்த வேலையை இன்று வீடு செய்கிறது என்று நான் சொல்கிறேன். தவறென்றால் மறுத்துப் பேச வாருங்கள், இதே மேடையில் இடம் தருகிறேன்.

சிலர் சொல்கிறார்கள்: இந்தச் சனத்துக்கு முன்னேறும் எண்ணம் கிடையாது, பழகிய வேலையை விட மனம் வராது. கட்டணம் வாங்கிக்கொண்டு, குளிரூட்டிய மண்டபத்தில், மனத்தை மாற்று வாழ்க்கை மாறும் என்று முழங்கிவிட்டுப் போகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். மனம் மாறவில்லை என்றா சொல்கிறீர்கள்? 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது அங்கே 3 லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. மற்றவர்கள் எங்கே போனார்கள்? கொழும்பு புறக்கோட்டையில் கணக்குப் புத்தகத்தோடு, குவைத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில், கட்டுகஸ்தோட்டையில் ஓட்டோவோடு இருக்கிறார்கள். 1970களின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அடுத்த பத்து வருசங்களில் ஆசிரியர் நியமனம் என்ற ஒரு கதவு திறந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அதற்குள் ஓடினார்கள். அவர்களிடம் படித்தவர்கள் இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நடத்துகிறார்கள். எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் தோட்டத்து ஆசிரியராக இருந்து, பின்பு கொழும்பில் கணக்கெழுதிக்கொண்டே தமிழுக்குத் தோட்டத்துக் கதைகளைக் கொடுத்தார். கதவு திறந்தபோதெல்லாம் போன சனம் இது. மனத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். கதவைப் பற்றிப் பேசுங்கள்!

கைதட்டுகிறீர்கள், நல்லது. இப்போது கைதட்ட முடியாத ஒன்றைச் சொல்கிறேன். தொழில் மாறியவர்களுக்குச் சம்பளம் கூடியது, பாதுகாப்புக் குறைந்தது. தோட்டத்திலோ மாநகர சபையின் நிரந்தரப் பதவியிலோ இருக்கும்போது ஓய்வுக் காலத்துக்கென்று ஏதோ ஒன்று சேர்கிறது. தோட்டத்தில் என்றால் ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதி: தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈ.டி.எப். என்று மேலும் 3 வீதம். கண்டி நகரக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் நியமனக் கடிதம் இருக்கிறது? வேலை விவரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம். எழுபது வருசப் பழைய சட்டம் கண்டிப் பஜாருக்கு இன்னும் வந்து சேரவில்லை. சேமித்தவர்களையும் விடவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்தபோது வங்கிகளை விலக்கி வைத்துவிட்டு, ஈ.பி.எப். போன்ற ஓய்வு நிதிகளின் மேல் சுமையை ஏற்றினார்கள். நாட்டைக் கடனில் தள்ளியவர்கள் யாரென்று அந்தத் தாய்க்குத் தெரியாது. ஆனால் அவளுடைய வயோதிபக் காசிலும் அந்தக் கடன் கழிந்தது. 1000 ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல வருசம் தெருவில் நின்று 2021இல் அதைப் பெற்றாள். அடுத்த வருசமே விலைவாசி அதை விழுங்கிவிட்டது. 2024இல் 1350 என்றார்கள். சீனியும் மண்ணெண்ணெயும் அதற்கு முன்பே ஏறிப்போய் உட்கார்ந்திருந்தன.

பழியெல்லாம் மேலே இருப்பவர்கள் மேலே மட்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. நமக்குள்ளும் நோய் இருக்கிறது. சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், வீடியோ, மூன்று வகைச் சாப்பாடு, அத்தனையும் வாரத் தவணைக் கடனில். ஓட்டோவுக்கு லீசிங், கைபேசிக்குத் தவணை, தவணை கட்ட இன்னொரு கடன். தொழில் மாறிய இளைஞன் கையில் முதலில் வருவது காசு. இரண்டாவது வருவது கடன்காரன். துண்டை ஒழித்த சமூகம் தானே போய்க் கையெழுத்து வைக்கிறது. ஆனால் ஏன் வைக்கிறது என்றும் கேட்க வேண்டும். மதிப்பு வேறெங்கும் கிடைக்காதவன் ஒருநாள் மண்டபத்திலாவது அதை வாங்கப் பார்க்கிறான். அந்த மதிப்புக் கிடைக்காமல் தடுப்பது சாதி. 2009இல் ஆய்வாளர்கள் காலிங்க டியூடர் சில்வா, பி.பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் மூவரும் இலங்கையில் மறைந்து நிற்கும் சாதி ஒதுக்கலைப் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தார்கள். யாரும் வாய்திறந்து சொல்லாத சாதி, முகவரியைக் கேட்டதும் வெளியே வருகிறது. விண்ணப்பத்தில் மஹய்யாவ என்று எழுதத் தயங்கி, உறவினர் வீட்டு முகவரியை எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தூள், ஐஸ் என்று நாலு பேர் செய்யும் போதைத் தொழிலுக்காக நாலாயிரம் பேரின் முகவரி கெட்டுப்போக வேண்டுமா? விடியுமுன் இந்த நகரத்தைக் கூட்டி, பெரஹராவுக்கு வரும் உலகத்துக்குச் சுத்தமான வீதியைக் கொடுக்கிறவர்கள் இருக்கும் இடம் இது. அந்த முகவரியைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்தான் வெட்கப்பட வேண்டும்.

இன்னொரு கேள்வி உண்டு. அதைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆகவே பொறுமையாகவே பதில் சொல்கிறேன். எல்லோரும் தொழில் மாறிவிட்டால் யார் கூட்டுவது, யார் கொழுந்து எடுப்பது? கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை, ஒரே குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக அதே விளக்குமாற்றோடு நிறுத்துவது என்று ஏன் முடிவாக வேண்டும்? வேலை தேவையானது என்றால் அதற்கேற்ற சம்பளம் கொடுங்கள், கையுறை, இயந்திரம், நிரந்தர நியமனம் கொடுங்கள். அப்போது யார் வீட்டுப் பிள்ளையும் வருவான். கட்டாயத்தின் மேல் நிற்கும் தொழில் கைத்திறனையும் இழக்கும், மானத்தையும் இழக்கும். நாளைக்கு அந்தத் தாய் தானே விரும்பி மலையேறினால், அது அவளுடைய தொழில். இன்று அது அவளுக்கு வாடகை.

ஆகையால் நான் கேட்பது ஒன்றுதான்: வீட்டைத் தொழிலிலிருந்து அவிழ்த்து விடுங்கள். காணி உறுதி கொடுங்கள், அவள் பேரில் கொடுங்கள். தோட்டங்களில் இந்திய உதவி வீட்டுத் திட்டத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்றார்கள். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 வீடு என்றார். வீடு எழும்பிய இடத்திலும் உறுதி வராமல் காத்திருந்தவர்கள் உண்டு. நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளோ அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. உறுதி கொடுத்தால் மறுநாளே விற்றுவிடுவார்கள் என்று சில அதிகாரிகள் சொல்கிறார்களாம். காணியின் அருமை எங்களுக்கா தெரியாது? 1972க்குப் பின் காணிச் சீர்திருத்தம் என்ற பெயரில் கண்டி மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வவுனியாக் காட்டை வெட்டி வயலாக்கினார்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், 7000 ஏக்கரை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க வந்தபோது மறித்து நின்ற தொழிலாளி சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். தனக்கு உறுதியே இல்லாத மண்ணுக்காக உயிரைக் கொடுத்த சனம், தன் பேரில் உறுதி வந்த மண்ணை விற்றுவிடும் என்கிறீர்களா? பயம் உண்மையானால், குறிப்பிட்ட வருசங்களுக்கு விற்க முடியாது என்று உறுதியிலேயே ஒரு நிபந்தனை எழுதுங்கள். குடியேற்றத் திட்டக் காணிகளில் 1935இலிருந்து இந்த நாடு விற்பனைக்கு நிபந்தனை எழுதி வந்திருக்கிறது. அங்கே எழுதிய பேனாவைக் கொஞ்சம் மஹய்யாவைக்கும் கொண்டுவாருங்கள்.