கண்ணுக்குத் தெரியாத தசைக்கு ஒரு வாத்தியார்



தும்மினால், இருமினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தால் இரண்டு சொட்டு சிறுநீர் கசிந்துவிடுகிறது என்பதை டாக்டரிடம் சொல்லும் பெண்கள் குறைவு. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று மாமியாரும் சொல்லியிருப்பார், அம்மாவும் சொல்லியிருப்பார். பிரசவமான பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொல்லை உண்டு. புரோஸ்டேட் சுரப்பியை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்ட ஆண்கள் பலருக்கும் உண்டு. அவர்கள் இன்னும் வாய் திறப்பதில்லை.

இந்தக் கசிவுக்கு மருத்துவம் முதலில் சொல்வது மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை. ஓர் உடற்பயிற்சி. இடுப்புத்தளத் தசைப் பயிற்சி என்று பெயர். அதைச் சொல்லிக்கொடுப்பது உலகின் பல ஊர்களில் இப்போது ஒரு தனித் தொழிலாகி, பயிற்றுநர் சான்றிதழ்களும் வந்துவிட்டன. ஒரு தசையை இறுக்கிவிடச் சொல்ல ஒரு சான்றிதழா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர்களுக்கும் சேர்த்தே இன்று பேசுகிறேன்.

அடிவயிற்றுக்குக் கீழே முன்புறம் ஓர் எலும்பு, பின்புறம் வால் எலும்பு. இரண்டுக்கும் நடுவே தூளி கட்டியது போலத் தொங்குகிறது இந்தத் தசைக் கூட்டம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான். பிரசவத்தில் இது பல மடங்கு இழுபடுகிறது. சிலருக்குக் கிழிந்தும் போகிறது. பிறகு பலம் குறைந்தால் கசிவு, இன்னும் தளர்ந்தால் கர்ப்பப்பை இறக்கம்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தசை வேலை செய்வதை யாரும் பார்க்க முடியாது. கையை மடக்கினால் புஜம் புடைக்கிறது. தப்பாகச் செய்தால் எதிரே நிற்கும் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். இங்கே செய்பவருக்கே தெரியாது. 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாய்வார்த்தையாக மட்டும் சுருக்கமாக விளக்கிவிட்டு, அவர்கள் செய்வதைக் கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். நால்வரில் ஒருவர் செய்தது கசிவைக் கூட்டக்கூடிய முயற்சி: உள்ளே, மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கித் தள்ளுவது. ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி, "வீட்டில் செய்யுங்கள்" என்று அனுப்பிவிடும் வழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான மதிப்பெண் பட்டியல் வேண்டியதில்லை.

இந்தப் பயிற்சியைக் கெகல் பயிற்சி என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆர்னால்டு கெகல் லாஸ் ஏஞ்சலஸில் மகளிர் மருத்துவர். 1948இல் தம் முறையை எழுதி வெளியிட்டார். ஆனால் அவருக்கு முன்பே, 1936இல், இங்கிலாந்தில் மார்கரெட் மாரிஸ் பிரசவத்துக்குப் பிந்தைய பயிற்சிகளைப் பற்றிய நூலில் இதைப் பற்றி எழுதிவிட்டார். அவர் நடனக்காரர்; பிறகு பிசியோதெரபியும் படித்தவர். உடலைச் சொல்லிக்கொடுத்துப் பழகிய ஒருவர் கையில்தான் இது முதலில் இருந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

கெகல் செய்த பெரிய காரியம் வேறு. உள்ளே வைக்கும் சிறு ரப்பர் குழலை ஓர் அழுத்தமானியோடு இணைத்தார். பெண் தசையை இறுக்கினால் முள் ஏறும். அதை அவளே பார்க்கலாம். முதலில் மருத்துவர் விரலால் தொட்டு எந்தத் தசை என்று உணர்த்துவார். பிறகு முள்ளைப் பார்த்துக்கொண்டே நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 20 நிமிடம். கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைத்ததுதான் அவர் முறையின் உயிர். பின்னால் வந்த காலத்தில் அவர் பெயர் தங்கிவிட்டது, முள் போய்விட்டது. எண்ணிக்கை மட்டும் பத்திரிகைத் துணுக்குகளில் சுற்றிக்கொண்டிருந்தது.

சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு நார்வேயிலிருந்து நல்ல சான்று உண்டு. காரி போ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு அது. கசிவு உள்ள 52 பெண்கள். தசையைச் சரியாக இறுக்கத் தெரிகிறதா என்று ஒவ்வொருவரையும் பரிசோதித்த பிறகே தொடங்கினார்கள். எல்லோருக்கும் வீட்டுப் பயிற்சி ஒன்றுதான். ஒரு பாதிக்கு மட்டும் கூடுதலாக வாரம் ஒருமுறை 45 நிமிட வகுப்பு. நின்று, உட்கார்ந்து, படுத்து, மண்டியிட்டு, பயிற்றுநர் முன்னால் நின்று ஊக்கப்படுத்த. ஆறு மாதம் கழித்து, கசிவு நின்றது அல்லது ஏறக்குறைய நின்றது என்று சொன்னவர்கள் வீட்டோடு நிறுத்திக்கொண்டவர்களில் 17 சதவீதம். வகுப்புக்குப் போனவர்களில் 60 சதவீதம். என்னைக் கேட்டால், இந்தத் தொழிலுக்கு இதைவிட நல்ல சிபாரிசுக் கடிதம் கிடையாது. பிரான்சில் பிரசவமான பெண்ணுக்கு மருத்துவச்சியோ பிசியோதெரபிஸ்ட்டோ தரும் பத்து அமர்வுகளுக்கு அரசுக் காப்பீடே பணம் கொடுக்கிறது.

சரி, சான்றிதழுக்கு வருவோம். வழி இரண்டு. ஒன்று, பிசியோதெரபி பட்டம் பெற்று, அதன் மேல் இந்தத் துறையில் சிறப்புப் பயிற்சி பெறுவது. அவர்கள் உள்பரிசோதனை செய்து, தசையின் பலத்தைச் சைபர் முதல் ஐந்து வரை மதிப்பிடக் கற்கிறார்கள். இன்னொன்று, யோகா, பிலாட்டிஸ், ஜிம் ஆசிரியர்கள் சில நாள் வகுப்பிலோ இணைய வழியிலோ பெறுவது. நம் நாட்டில் பிசியோதெரபிஸ்ட்டுகள் 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில் சட்டத்துக்குள் வருகிறார்கள். இடுப்புத்தளப் பயிற்றுநர் என்று ஒரு தனி வகை அந்தச் சட்டத்தில் இல்லை. ஆகவே இரண்டாவது வழியில் வருபவரின் காகிதம், அதைக் கொடுத்த நிறுவனத்தின் தரம் எவ்வளவோ அவ்வளவுதான் பெறும்.

அதற்காக இரண்டாம் வகையினரைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. இருபது பெண்கள் வெட்கம் விட்டுக் கேட்கும் வகுப்பை நடத்துவது எல்லா டாக்டருக்கும் வராது. வாயு பிரியாமல் அடக்குவது போல உள்ளே இழுங்கள் என்று கூச்சப்படாமல் சொல்லத் தெரிய வேண்டும். சொல்லிவிட்டு முகத்தையும் தோளையும் பார்க்கத் தெரிய வேண்டும்: மூச்சைப் பிடிக்கிறாரா, பிட்டத்தை இறுக்குகிறாரா, வயிற்றை முன்னே தள்ளுகிறாரா என்று. இறுக்கச் சொல்வது போலவே முழுதாகத் தளர்த்தவும் சொல்ல வேண்டும். இதைப் பல வகுப்புகள் விட்டுவிடுகின்றன. இருமல் வருவதற்குச் சற்று முன்னால் தசையை இறுக்கிக்கொள்ளும் சின்ன வித்தையையும் கற்றுத்தர வேண்டும். அமெரிக்காவில் 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அதை ஒரு வாரம் பழகிய பெண்களுக்கே இருமும்போது வரும் கசிவு வெகுவாகக் குறைந்தது.

யோகா ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மூலபந்தம் இதே பகுதியில் செய்யும் பயிற்சிதான். அந்த வகையில் உங்களுக்கு ஒரு முன்பழக்கம் உண்டு. ஆனால் அங்கே மூச்சை நிறுத்திப் பிடிப்பது வழக்கம். இங்கே மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூலபந்தம் தெரியும், இதற்குத் தனியாகப் படிப்பு எதற்கு என்பது சரிப்படாது.

நல்ல பயிற்றுநரை நான் அளப்பது, யாரைத் தம் வகுப்பில் சேர்க்காமல் திருப்பி அனுப்புகிறார் என்பதை வைத்து. சிலருக்கு இந்தத் தசை தளர்ந்திருக்காது. எப்போதும் இறுகிப்போய் வலி தரும். அவரை மேலும் இறுக்கச் சொன்னால் வலி கூடும். சிறுநீரில் ரத்தம், அடியில் ஏதோ இறங்கி வருவது போன்ற உணர்வு, சிறுநீர் முழுதாகப் போகாத நிலை, தாம்பத்தியத்தில் வலி – இவற்றில் ஒன்றைச் சொன்னால் வகுப்பு அப்புறம், டாக்டர் முதலில். இதைப் பாடத்தில் சேர்க்காத சான்றிதழ், எத்தனை வெளிநாட்டு முத்திரை குத்தியிருந்தாலும், கையில் வாங்கத் தகுந்ததில்லை.

பயிற்சிக்குப் போக நினைக்கும் நேயர்களே, சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். நான் சரியாகச் செய்கிறேனா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? யாருக்கு இந்தப் பயிற்சி கூடாது? பிசியோதெரபிஸ்ட் அல்லது மகளிர் மருத்துவரோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா? பதில் வந்தால் சேருங்கள். வேளைக்குக் குறைந்தது எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் செய்யுங்கள். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதம் கழித்தும் கசிவு குறையவில்லை என்றால் வகுப்பை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.