பழைய கணிப்பொறிகளும் இருப்புப் பதிவேடும்

(திருவனந்தபுரத்தில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் மைய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்நகரில் நான் முன்பு பணியாற்றிய அலுவலகம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் ஒன்பது மேசைக் கணிப்பொறிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட இயங்கவில்லை. ஆயினும் இருப்புப் பதிவேட்டில் ஒன்பதும் உயிருடன் இருந்தன. ஆண்டுதோறும் அவற்றை எண்ணிப் பார்த்து ‘சரி’ என்று கையொப்பமிட்டோம், நானும் இட்டிருக்கிறேன். அதே வேளையில், மேல்மாடியில் ஒரே கணிப்பொறிக்காக இரண்டு எழுத்தர்கள் முறைவைத்துக் காத்திருந்தனர்.

ஒருநாள் இளைய எழுத்தர் ஒருவர் அனுமதி பெற்று ஒன்பதின் மூடிகளையும் கழற்றிப் பார்த்தார். மூன்றில் ‘எஸ்.எம்.பி.எஸ்.’ எனப்படும் மின்வழங்கி கருகியிருந்தது. ஏப்ரல், மே மாதங்களிலும் மீண்டும் துலாம் மாத மழையிலும் கேரளத்தில் இடி மின்னல் எவ்வளவு கடுமையானது என்பதை நீங்கள் அறிவீர்கள். இரண்டில் வன்தட்டு பழுது. இரண்டில் தாய்ப்பலகையின் மின்தேக்கிகள் உப்பி வெடித்திருந்தன. எட்டாவதில் பொத்தான் வடிவ மின்கலம் தீர்ந்திருந்தது, அவ்வளவே. ஒன்பதாவதில் நினைவகப் பலகையின் செம்பொன் நிற முனைகளில் கடற்காற்றின் ஈரமும் தூசியும் படிந்திருந்தன. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்ததும் அது எழுந்துவிட்டது.

இனிக் கணக்கைப் பாருங்கள். தாய்ப்பலகை கெட்ட இரண்டு கணிப்பொறிகளிலும் மின்வழங்கியும் வன்தட்டும் நல்ல நிலையில் இருந்தன. அவற்றைக் கொண்டு நான்கு கணிப்பொறிகள் சீராயின. முன்னர்க் கூறிய இரண்டையும் சேர்த்தால் ஆறு. ஏழாவதற்கு ஒரு மின்வழங்கி மட்டுமே குறை.

ஒன்பதும் ஒரே ஆணையின்கீழ் வாங்கப்பட்ட ஒரே வகையைச் சேர்ந்தவை என்பதால்தான் இது இயன்றது. 1995இல் வந்த ஏ.டி.எக்ஸ். தர அளவைப் பின்பற்றும் பெட்டிகளில் மின்வழங்கியை மாற்றுவது பெரும்பாலும் எளிது. நினைவகம் அப்படியன்று, டி.டி.ஆர்.2 பலகையை டி.டி.ஆர்.3 துளையில் பொருத்தவே முடியாதபடி வெட்டு இடம்மாறி இருக்கும். ஆகவே மலிவு விலை கருதி ஆண்டுக்கொரு வகை வாங்கும் அலுவலகம், பிற்காலப் பழுதுநீக்கத்தின் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றே கூறுவேன்.

பொருளாதார மாணவர்களுக்கு ஒரு சொல். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழைய குழாய்த் திரையுடன் கூடிய ஒரு மேசைக் கணிப்பொறியை உருவாக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 22 கிலோ வேதிப்பொருள்களும் 1,500 கிலோ நீரும் செலவாயின. உலக அளவில் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே. இதனால் எல்லாப் பழைய பொறிகளையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மின்சாரத்தை மிகுதியாக விழுங்கி வேலையைக் குறைவாகச் செய்யும் பொறியைப் பாகங்களுக்காகப் பிரிப்பதே மேல்.

கேரளப் பள்ளிகள் இத்துறையில் நமக்கு முன்னே சென்றுவிட்டன. 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தில் ‘ஹார்டுவேர் கிளினிக்’ என்ற பெயரில் பழுதுநீக்கு முகாம்கள் நடந்தன. அத்திட்டம் 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மாறியது. பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் வழங்கப்படுவதும் பழைய பொறிகளுக்கு ஒரு துணை. 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றபோது, பாகமெல்லாம் நன்றாயிருந்தும் எத்தனையோ அலுவலகப் பொறிகள் ஒரே நாளில் முதுமையடைந்தன அல்லவா?

மீண்டும் மாடிப்படிக்கு வருவோம். ஆறு கணிப்பொறிகள் மேசைக்கு ஏறின. அடுத்த தணிக்கையில், நான்காம் எண்ணின் வன்தட்டு ஏழாம் எண்ணின் பெட்டியில் இருப்பது ஏன் என்று விளக்கம் கோரப்பட்டது. கேள்வி நியாயமானதே. வன்தட்டில் அலுவலக ஆவணங்கள் இருக்கும். அவற்றை முற்றாக அழித்த பின்னரே அது இடம் மாற வேண்டும். எங்கள் எழுத்தர் அதைச் செய்திருந்தார்; எழுதி வைக்கத்தான் மறந்திருந்தார். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 217ஆம் விதி, பயனற்ற பொருளைக் காரணம் பதிவுசெய்து பயனற்றதென அறிவிக்க வழிதருகிறது. இரண்டு பெட்டிகளை முதலில் அவ்வாறு அறிவித்து, எந்தப் பாகம் எந்த எண்ணுக்குச் சென்றது என ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும். விமானப் படைகளிலே ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி மற்றொன்றில் பொருத்துவதற்கென்றே ஒழுங்குமுறை உண்டு. நமக்கு ஒரு பக்கம் எழுதுவது பெரும்பாரமா?

அந்தப் பக்கத்தைப் பின்னர் நானே எழுதிக் கோப்பில் சேர்த்தேன், ஆட்சேபம் கைவிடப்பட்டது. ஏழாவது கணிப்பொறிக்கு மின்வழங்கி வாங்கும் கோப்பு மட்டும், நான் மாற்றலாகிச் சென்ற நாளிலும் பரிசீலனையில் இருந்தது.