தானாக அணையும் பழைய கணினி

சுமார் 500 மீற்றர் உயரத்தில் குளிர்ந்திருக்கும் கண்டியிலும் கொம்பியூட்டர் பெட்டிக்குள் சூடு ஏறும். பேராதனை வீதியோர வீடுகளில் தூசியும் அதிகம். சற்று நேரம் ஓடிவிட்டுக் கணினி திடீரென அணைந்தால், முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். பிளக்கைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து, மின்விசிறிக்குக் கீழே பாருங்கள். அலுமினியத் தகடுகளுக்கிடையே தூசி கம்பளிபோல் அடைத்திருக்கும். செயலியின் வெப்பம் 100 பாகை செல்சியஸை நெருங்கினால், கருகிப்போகாமலிருக்கக் கணினி தானே அணைந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுங்கள்; காய்ந்த வெப்பப் பசையை மாற்றச் சொல்லுங்கள். போட்டவுடனேயே அணைந்தால், பவர் சப்ளையையும் தாய்ப்பலகையில் உச்சி உப்பிய கெப்பாசிட்டர்களையும் திருத்துநரிடம் காட்டுங்கள். பவர் சப்ளையை மட்டும் நீங்கள் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். புதியது வாங்குமுன் இவற்றைப் பாருங்கள்; பிள்ளைகளின் படிப்புக்குப் பழைய கணினியே போதுமானதாக இருக்கலாம்.