டிராக்டரில் பொருத்தும் குழி தோண்டும் கருவி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



தென்னங்கன்று நடவும், தேக்கு வைக்கவும், வேலிக்குக் கல் ஊன்றவும் குழி வெட்ட ஆள் கிடைப்பதில்லை என்று சொல்லாதவர் உங்களில் இல்லை. ஆகவேதான் டிராக்டரின் பின்னால் பொருத்தும் குழி தோண்டும் கருவியைப் பற்றிப் பலரும் விசாரிக்கிறீர்கள். ஆனால் கடைக்குப் போனதும் "இருப்பதில் பெரியது எது?" என்றுதான் கேட்கிறீர்கள். எந்தக் குழி, எந்த மண் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 முறை சுற்றுகிறது. கருவியின் பற்சக்கரப் பெட்டி அந்த வேகத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, 'ஆகர்' எனப்படும் திருகைச் சுழற்றுகிறது. ஆகர் 6 அங்குலம் முதல் 24 அங்குலம் வரை பல விட்டங்களில் கிடைக்கிறது. வேலிக் கம்பத்திற்கு 9 அல்லது 12 அங்குலம் போதும். தேக்குக்கு 18 அங்குலம்.

தென்னைக்குத்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். நாம் பரிந்துரைக்கும் குழி நீள, அகல, ஆழம் மூன்றும் 3 அடி. அதாவது 27 கன அடி. 24 அங்குல ஆகர் 3 அடி ஆழம் இறங்கினாலும் வெளியே வருவது ஒன்பதரை கன அடி மண்தான். மீதியை மண்வெட்டிதான் எடுக்க வேண்டும். அதைவிட, 12 அங்குல ஆகரால் நான்கு மூலையிலும் துளையிட்டு, இடையிலுள்ள மண்ணைக் கடப்பாரையால் சரித்துவிடலாம். விட்டம் இரு மடங்கானால் வெட்ட வேண்டிய மண் நான்கு மடங்கு என்பதால், சிறிய டிராக்டருக்கு இதுவே நலம்.

அடுத்தது மண். டிராக்டரின் ஹைட்ராலிக் கருவியைத் தூக்குமே தவிர, கீழே அழுத்தாது. ஆகர் தன் எடையாலும் முனைத் திருகின் இழுப்பாலும்தான் இறங்குகிறது. கடப்பாரை இறங்க மறுக்கும் சரளையிலும் பாறையிலும் இதுவும் இறங்காது. அந்த இடங்களில் பாரம் வேண்டுமென்று கருவியின் சட்டத்தில் ஓர் ஆளை உட்கார வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காலுக்குக் கீழேதான் ஆகர் சுற்றுகிறது.

கரிசலில் வேறு சங்கடம். ஈரம் மிகுந்தால் மண் ஆகரில் அப்பிக்கொள்ளும்; குழியின் சுவரும் பூசி மெழுகியதுபோல் இறுகிவிடும். அப்படியே நட்டால் வேர் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும். சுவரைக் கடப்பாரையால் கொத்திவிட்டு நடுங்கள். மழைக்குப் பின் மண் பதமாகும்வரை காத்திருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

வாங்கும்போது வெட்டுத் தகடுகளும் முனையும் கழற்றி மாற்றக்கூடியவையா என்று பாருங்கள். பற்றவைத்த தகடு தேய்ந்தால் பட்டறைக்குத்தான் தூக்க வேண்டும். கருவியை உங்கள் டிராக்டரிலேயே மாட்டி ஏற்றி இறக்கிப் பாருங்கள். முழுதும் தூக்கியபின் ஆகர் முனை வரப்பில் இடிக்கக்கூடாது. இறக்கும்போது பி.டி.ஓ. இணைப்புத் தண்டு கழன்று வரும் அளவுக்கு நீளவும் கூடாது.

ஆகர் கல்லில் மாட்டினால் ஷியர் போல்ட் அறுந்து பற்சக்கரப் பெட்டியைக் காக்கும். அடிக்கடி அறுகிறதே என்று கடினமான போல்ட்டைப் போடுவது, ஃப்யூஸுக்குப் பதில் தடித்த கம்பியைக் கட்டுவது போலத்தான்! சில ரூபாய் போல்ட்டுக்குப் பார்த்துப் பெட்டியை உடைத்துக்கொள்ளாதீர்கள். அதே தரத்தில் பத்துப் போல்ட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஆகரைத் தூக்கி மண்ணை உதறுங்கள். புதைந்து நின்றால் ஹைட்ராலிக்கால் பிடுங்காமல், எஞ்சினை நிறுத்தி, பெரிய பைப் ரிஞ்சால் பின்புறமாகத் திருகி எடுங்கள்.

540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. உறையில்லாத தண்டில் துண்டின் முனை பட்டால் ஒரு நொடியில் நாலைந்து அடித் துணியைச் சுருட்டிவிடும். கையை உருவ நேரமிருக்காது. தோளில் துண்டோடும் தொங்கும் வேட்டியோடும் யாரும் அருகில் வரக்கூடாது. மண்ணைத் தள்ளும் ஆளும், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும் ஆகர் நின்ற பிறகுதான் நெருங்க வேண்டும்.

ஏக்கருக்கு 70 தென்னை வைத்து முடித்தால் உங்களுக்கு இந்தக் கருவியில் வேறு வேலை உண்டா? இல்லையென்றால் சொந்தமாக வாங்க வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து வாங்குவதும் ஒரு வழி. வாடகைக் கருவியானாலும், பி.டி.ஓ. தண்டுக்கு உறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே டிராக்டரில் மாட்டச் சொல்லுங்கள்.